எண்ணும் பெயரும்: பாகமேற்றல் விளையாட்டில் கதைமாந்தர் படைப்பின் வரலாறு

கதை கேட்கும் விருப்பம் மாந்தனோடு பிறந்தது. ஆனால், கேட்கும் கதைக்குள் தானே ஒரு மாந்தனாகப் புகுந்து, அடுத்து நிகழப் போவதைத் தன் சொல்லாலும் செயலாலும் மாற்றியமைக்கும் விளையாட்டு மிக அண்மைக் காலத்தில் தோன்றியது. ஒரு மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்கின்றனர். அவர்களுள் ஒருவர் ஆட்ட நடுவர். அவர் ஓர் இடத்தை வருணிக்கிறார்: இடிந்த கோட்டை, இருண்ட சுரங்கம், உள்ளே ஏதோ உறுமும் ஓசை. மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு கற்பனை மாந்தரின் பாகத்தை ஏற்று, "நான் விளக்கை அணைத்துவிட்டுச் சுவரோரமாக நகர்கிறேன்" என்பது போல விடை கூறுகின்றனர். முயற்சி வெல்லுமா தோற்குமா என்ற ஐயம் எழும்போது பகடை உருளுகிறது. இவ்விளையாட்டில் வென்றவர் என்றோ தோற்றவர் என்றோ எவரும் இலர். கதை வளர்கிறது, அதுவே பயன்.

இவ்விளையாட்டுக்கு அடித்தளம் கதைமாந்தரே ஆவர். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஆட்டம் தொடங்குமுன் தமக்கென ஒரு பாத்திரத்தைப் படைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பாத்திரம் பிறரிடமிருந்து வேறுபட்டு, தனித்து நிற்பதாய் அமைய வேண்டும். ஒருவரைத் தனித்துவம் உடையவராக்குவது எது? அவர் பெற்ற ஆற்றலா? பிறந்த குலமா? செய்யும் தொழிலா? அன்றி, அவருடைய ஆசையும் அச்சமும் குறையுமா? இவ்வினாவுக்கு அரை நூற்றாண்டாக விளையாட்டு ஆக்குநர்கள் கண்ட விடைகளின் வரலாறு, கதை எழுதுவோரும் கட்டுரை கற்பிப்போரும் அறிந்துகொள்ளத் தக்கதாகும்.

போர்ப்பலகையில் பெயரில்லா வீரர்

பாகமேற்றல் விளையாட்டின் மூதாதை போர் விளையாட்டே. பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்பார் அமைத்த போர்ப்பயிற்சி விளையாட்டு 1812இல் அந்நாட்டு மன்னர் மூன்றாம் பிரடெரிக் வில்லியமுக்குக் காட்டப்பெற்றது. அவருடைய மகன் அதனைத் திருத்தி 1824இல் விதிநூலாக வெளியிட்டார். படைத்தலைவர்கள் நிலப்படத்தின்மேல் சிறு கட்டைகளை நகர்த்தினர். சண்டையின் விளைவைப் பகடை காட்டியது. இரு தரப்புக்கும் நடுவே நடுவர் ஒருவர் இருந்தார். எந்தத் தரப்புக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை முடிவு செய்தவர் அவரே. இந்த நடுவரே பின்னாளில் கதை கூறும் ஆட்ட நடுவராக மாறினார் என்பது நினைவில் கொள்ளத் தக்கது.

1913இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலை எழுதிப் பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடும் போர் விளையாட்டைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றார். எனினும், அந்நாளைய போர் விளையாட்டில் ஒரு பொம்மையின் பெயர் எவருக்கும் தேவைப்படவில்லை. பல வேளைகளில் ஒரு பொம்மையே பத்து அல்லது இருபது வீரருக்கு நின்றது. அவ்வீரர் வீழ்ந்தால் கணக்கில் ஓர் எண் குறைந்தது, அவ்வளவே. எண் இருந்தது, பெயர் இல்லை.

நடவாத போரும் பிறந்த பாத்திரங்களும்

இந்நிலையை மாற்றியவர் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து டேவிட் வெசிலி. மின்னியாபொலிஸ், செயின்ட் பால் என்னும் இரட்டை நகரங்களில் போர் விளையாட்டு ஆடிவந்த குழுவைச் சேர்ந்தவர் அவர். சார்லஸ் டாட்டன் என்பார் 1880இல் வெளியிட்ட போர் விளையாட்டு நூலொன்றை அவர் கண்டெடுத்துப் பயின்றிருந்தார். விதியில் எழுதப்படாத செயலையும் ஆட்டக்காரர் முயன்று பார்க்கலாம், அதன் விளைவை நடுவர் தீர்மானிப்பார் என்னும் கருத்து அவருடைய உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

1969இல் அவர் 'பிரௌன்ஸ்டைன்' என்னும் பெயரில் ஓர் ஆட்டத்தை அமைத்தார். நெப்போலியன் காலத்து ஜெர்மானிய நகரமொன்று களம். நகரத்துக்கு வெளியே இரு படைகள் நெருங்கி வருகின்றன. படைத்தலைவர் இருவர் போக எஞ்சிய ஆட்டக்காரர்களுக்கு நகரத் தலைவர், பல்கலைக்கழகத் தலைவர் போன்ற பாகங்களை அவர் வழங்கினார். ஒவ்வொருவருக்கும் தனித்தனி நோக்கமும் தரப்பட்டது. ஆட்டம் தொடங்கியதும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. ஆட்டக்காரர்கள் மேசையை விட்டு எழுந்து மூலைமூலையாகக் கூடி இரகசியம் பேசினர், ஒருவரை ஒருவர் ஏமாற்ற முற்பட்டனர், உடன்படிக்கை செய்தனர். படைகள் மோதவே இல்லை. தம் முயற்சி தோற்றது என்றே வெசிலி எண்ணினார். ஆட்டக்காரர்களோ மீண்டும் அத்தகைய ஆட்டம் வேண்டும் என்று கேட்டு நின்றனர்.

அங்கே நிகழ்ந்தது யாது? ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் கிடைத்தது ஆற்றலைக் காட்டும் எண் அன்று. ஒரு நிலையும் ஒரு விருப்பமுமே. நகரத் தலைவருக்கு ஊரைக் காக்க வேண்டும். மற்றவருக்கு வேறொன்று வேண்டும். விருப்பங்கள் முரண்பட்ட அளவிலேயே பொம்மைகள் மாந்தராயினர். கதைமாந்தர் படைப்பின் முதல் பாடம் இவ்வாறு தற்செயலாக வெளிப்பட்டது.

இறக்க விரும்பாத வீரர்

அந்தக் குழுவில் ஆடியவருள் ஒருவர் டேவ் ஆர்னசன் என்னும் இளைஞர். 1971இல் அவர் 'பிளாக்மூர்' என்னும் கற்பனை நாட்டைப் படைத்து, அங்குள்ள கோட்டைக்கு அடியில் சுரங்கங்களை வரைந்து, தம் நண்பர்களை அவற்றுள் இறக்கிவிட்டார். பிரௌன்ஸ்டைன் ஒரு நாளில் முடிந்துவிடும் ஆட்டம். பிளாக்மூரோ வாரந்தோறும் தொடர்ந்தது. சென்ற வாரம் ஏற்ற அதே பாத்திரத்தை ஆட்டக்காரர் இவ்வாரமும் ஏற்றார். பாத்திரத்துக்குக் கடந்த காலம் ஒன்று உண்டாயிற்று. பட்டறிவு சேரச் சேர அது வளர்ச்சியும் பெற்றது.

இங்கேதான் ஒரு நுட்பமான சிக்கல் எழுந்தது. போர் விளையாட்டின் விதிப்படி ஒரே வீச்சில் ஒருவன் மடிவான். ஒரே வீச்சில் அரக்கனை வீழ்த்துவதில் ஆட்டக்காரர்களுக்கு மகிழ்ச்சியே. ஆனால், தம் பாத்திரம் ஒரே வீச்சில் மடிவதை அவர்கள் ஏற்கவில்லை. பழகிய ஒருவரை இழக்க எவர் மனம் ஒப்பும்? ஆகவே, கடற்போர் விளையாட்டில் கப்பலொன்று எத்தனை அடிகளைத் தாங்கும் எனக் கணக்கிட்ட முறையை எடுத்து, ஆர்னசன் அதனை மாந்தருக்குப் பொருத்தினார். இன்று உலகெங்கும் கணினி விளையாட்டுகளில் காணப்பெறும் உயிர்ப்புள்ளிகளின் தோற்றம் இதுவே. உயிருக்கு எண் கொடுத்த செயல் வறட்டுக் கணக்கன்று. ஒரு கற்பனை மாந்தரின்மீது ஆட்டக்காரர் கொண்ட பற்றே அதற்குக் காரணமாகும்.

சமயகுரு என்னும் பாத்திர வகை தோன்றிய வரலாறும் சுவையானது. பிளாக்மூரில் ஆட்டக்காரர் ஒருவர் இரத்தக் காட்டேறியின் பாகத்தை ஏற்று, எவராலும் அடக்க முடியாதபடி வலிமை பெற்றுவிட்டார். அவரை எதிர்க்கத் தெய்வ ஆற்றல் உடைய ஒருவர் தேவைப்பட்டார். அத்தேவையிலிருந்து எழுந்தவரே சமயகுரு. ஒரு பாத்திரத்தின் தனித்தன்மை பல வேளைகளில் எதிர்ப்பாத்திரத்தின் தன்மையால் வரையறுக்கப்படும் என்பதற்கு இது தக்க சான்று.

ஆறு எண்களும் மூன்று தொழில்களும்

விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜினீவா என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர் கேரி கைகாக்ஸ். காப்புறுதி நிறுவனமொன்றில் பணியாற்றி, 1970இல் அவ்வேலையை இழந்து, காலணி பழுதுபார்க்கும் தொழிலால் குடும்பத்தைக் காத்துவந்தவர் அவர். ஜெப் பெரன் என்பாருடன் சேர்ந்து 'செயின்மெயில்' என்னும் இடைக்காலப் போர் விதிநூலை அவர் 1971இல் வெளியிட்டிருந்தார். அதன் பிற்சேர்க்கையில் மந்திரவாதியும் பறவைநாகமும் இடம்பெற்றிருந்தன. 1972இன் இறுதியில் ஆர்னசன் லேக் ஜினீவாவுக்கு வந்து பிளாக்மூரை ஆடிக் காட்டினார். அதில் உள்ளம் பறிகொடுத்த கைகாக்ஸ் விரைந்து விதிகளை எழுதத் தொடங்கினார். இருவர் பெயரையும் தாங்கி, 1974ஆம் ஆண்டில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு நூல்கள்; விலை 10 டாலர்; முதற்பதிப்பு 1,000 படிகள்.

அந்நூலின்படி ஒரு பாத்திரம் ஆறு பண்புகளால் அளக்கப்பட்டது. உடல்வலிமை, அறிவுத்திறன், மெய்யறிவு, உடலுறுதி, சுறுசுறுப்பு, கவர்ச்சி என்பன அவை. ஒவ்வொன்றுக்கும் ஆறு முகப் பகடை மூன்று உருட்டப்பட்டது. கிடைக்கும் எண் 3 முதல் 18 வரை அமையும். மூன்று பகடைகள் விழக்கூடிய முறைகள் மொத்தம் 216. அவற்றுள் 18 கிடைப்பது ஒரே ஒரு முறையில்தான். 10 அல்லது 11 கிடைப்பதோ 54 முறைகளில். அஃதாவது, நால்வரில் ஒருவர் நடுத்தரமாகவே பிறப்பார். பேராற்றலோடு பிறப்பவர் மிக அரியர். இயற்கையின் நடைமுறையை ஒருவாறு இது ஒத்திருந்தது.

அடுத்து, பாத்திரம் மூன்று தொழில்களுள் ஒன்றைச் சேர வேண்டும்: போர்வீரர், மந்திரவாதி, சமயகுரு. 1975இல் வந்த 'கிரேஹாக்' இணைப்பு நூல் கள்வரைச் சேர்த்தது. இனமும் உண்டு: மனிதர், குள்ளர், எல்ப் என்னும் வனமக்கள், ஹாபிட். இறுதியாக ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்னும் மூன்றில் பாத்திரம் எதன் பக்கம் நிற்கிறது என்பதும் குறிக்கப்பட்டது. போல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் ஆகிய எழுத்தாளர்களின் புதினங்களில் வரும் ஒழுங்குக்கும் குழப்பத்துக்குமான போரிலிருந்து இக்கருத்துப் பெறப்பட்டது.

இவ்வமைப்பின் சிறப்பு எளிமை. சில நிமிடங்களில் ஒருவர் ஆட்டத்துக்கு ஆயத்தமாகிவிடலாம். இதன் குறையும் அதுவே. ஒரே தொழிலைச் சேர்ந்த இரு போர்வீரர்களைத் தாளில் வேறுபடுத்திக் காட்ட ஓரிரு எண்களைத் தவிர வேறில்லை. வேறுபாடு முழுவதையும் ஆட்டக்காரரே தம் பேச்சாலும் நடிப்பாலும் ஊட்ட வேண்டியிருந்தது. விதிநூல் உடலைக் கொடுத்தது. உயிரை மேசையிலிருந்தோர் கொடுத்தனர்.

பகடையா, தேர்வா?

பிறர் இக்குறையைக் கண்டு வெவ்வேறு வழிகளில் மருந்து தேடினர். 1977இல் மார்க் மில்லர் ஆக்கிய 'டிராவலர்' என்னும் விண்வெளி விளையாட்டு, பாத்திரத்துக்குக் கடந்த காலத்தைக் கொடுத்தது. பாத்திரம் பதினெட்டு வயதில் படையிலோ வணிகக் கப்பலிலோ சேர்கிறது, நான்கு ஆண்டுக்கு ஒரு தவணையாகப் பணி செய்கிறது, ஒவ்வொரு தவணையிலும் திறன் கற்கிறது, பதவி உயர்வு பெறலாம், இறந்தும் போகலாம். ஆட்டம் தொடங்குமுன்னரே பாத்திரம் மாண்டுபோகும் விந்தை இவ்விளையாட்டுக்கே உரியது. உயிரோடு மீள்பவர் நாற்பது வயதை எட்டியவராகவும் இருக்கக்கூடும். அவருக்குச் சொல்ல ஒரு கதை இருந்தது. அறிவுத்திறனையும் கல்வியையும் இரு வேறு பண்புகளாக இவ்விளையாட்டு பிரித்துக் காட்டியமை ஆசிரியர் உலகம் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று. பிறவி அறிவு ஒன்று. கற்ற கல்வி வேறொன்று.

1978இல் வெளிவந்த 'ரூன்குவெஸ்ட்' தொழில் வகைகளையே நீக்கியது. எவரும் எதையும் கற்கலாம். எந்தத் திறனைப் பயன்படுத்துகிறாரோ அந்தத் திறனே வளரும். பாத்திரம் எந்தத் தெய்வத்தை வணங்குகிறது, எந்தச் சமூகத்தைச் சேர்ந்தது என்பனவும் முதன்மை பெற்றன. கிரெக் ஸ்டாபர்டு படைத்த 'குளோரந்தா' என்னும் கற்பனை உலகே அதன் களம். மாந்தரை அவர்தம் மண்ணிலிருந்து பிரித்துக் காண இயலாது என்னும் உண்மையை அது வலியுறுத்தியது.

ஏறத்தாழ இதே காலத்தில் மற்றொரு வழியும் திறந்தது. 1977இல் ஸ்டீவ் ஜாக்சன் ஆக்கிய 'மெலே' என்னும் சிறு விளையாட்டில் பகடை உருட்டிப் பண்புகளைப் பெறும் வழக்கம் இல்லை. குறிப்பிட்ட அளவு புள்ளிகள் தரப்படும். அவற்றை வலிமைக்கும் சுறுசுறுப்புக்கும் ஆட்டக்காரரே பங்கிட்டுக்கொள்வார். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். ஊழ் தந்ததை ஏற்றுக்கொள்வதற்கு மாறாகத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை ஆட்டக்காரர் கைக்கு வந்தது. கைகாக்ஸும் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட நடுவர் கையேட்டில், நான்கு பகடைகளை உருட்டி மிகக் குறைந்ததை விலக்கி, கிடைத்த எண்களை விரும்பிய வரிசையில் வைத்துக்கொள்ள இடந்தந்தார்.

பகடையும் தேர்வும் தத்தமக்குரிய நன்மை தீமைகளை உடையன. பகடை எதிர்பாராத மாந்தரைத் தரும். வலிமையற்ற போர்வீரனோ அழகற்ற தலைவனோ தோன்றும்போது, "இவன் எவ்வாறு இந்நிலைக்கு வந்தான்?" என்ற வினா எழுகிறது, அவ்வினாவே கதைக்கு வித்தாகிறது. ஆனால், பகடை நேர்மையற்றதாகவும் தோன்றும். ஒருவர் வீரராகவும் அருகிலிருப்பவர் நோஞ்சானாகவும் பிறப்பர். தேர்வோ அனைவரையும் சமமாக நடத்தும். ஆனால், தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோர் பலரும் பயன் மிகுந்த ஒரே கலவையையே நாடுவதால் பாத்திரங்கள் ஒரே அச்சில் வார்த்த செங்கற்களைப் போல ஆவதும் உண்டு. எண்களைச் செம்மைப்படுத்தும் ஆர்வம் மாந்தரை மறக்கச் செய்துவிடுகிறது.

குறையே அடையாளம்

1981ஆம் ஆண்டில் வெளிவந்த 'சாம்பியன்ஸ்' என்னும் விளையாட்டு ஒரு புதிய உண்மையை விதியாக்கியது. ஆட்டக்காரர் தம் பாத்திரத்துக்குக் குறைகளையும் பொறுப்புகளையும் ஏற்றுக்கொண்டால், அவற்றுக்கு ஈடாகக் கூடுதல் புள்ளிகளைப் பெறலாம். துரத்தி வரும் பகைவர், காப்பாற்ற வேண்டிய உறவினர், மறைக்க வேண்டிய உண்மைப் பெயர் ஆகியன குறைகளாகக் கணக்கிடப்பட்டன. புள்ளிக்காகவே குறைகளை அடுக்கியோரும் இருந்தனர். எனினும், ஆற்றலை மட்டுமே பட்டியலிட்ட தாளில் முதன்முறையாக அன்பும் அச்சமும் இடம்பெறத் தொடங்கின. அதே ஆண்டில் சாண்டி பீட்டர்சன் ஆக்கிய 'கால் ஆப் கதூலு' என்னும் அச்சக்கதை விளையாட்டு, மனநலத்தை ஓர் அளவாக்கிற்று. அங்கே பாத்திரம் வளர்வதினும் தேய்வதே மிகுதி.

1985இல் ஸ்டாபர்டு ஆர்தர் மன்னரின் வீரர் குழுவைக் களமாகக் கொண்டு 'பென்டிராகன்' என்னும் விளையாட்டைப் படைத்தார். அதில் பதின்மூன்று இணைப் பண்புகள் உள. ஈகையும் தன்னலமும் ஓரிணை. இரக்கமும் கொடுமையும் ஓரிணை. துணிவும் கோழைமையும் ஓரிணை. ஒவ்வோரிணையின் கூட்டுத்தொகையும் 20. ஈகை 14 எனில் தன்னலம் 6. எவரும் முழு நல்லவர் இலர். முழுத் தீயவரும் இலர். சோதனை நேரும்போது பகடை உருட்டப்படும். ஈகையாளன் ஒருநாள் கையை மூடிக்கொள்ளவும் கூடும். கைகளின் வலிமையை அளந்த எண்ணைக் கொண்டு நெஞ்சின் போராட்டத்தையும் அளக்க இயலும் என்பதை இவ்விளையாட்டு காட்டியது.

1984இல் தொடங்கிய 'டிராகன்லான்ஸ்' தொடரில் பிறந்த ஒரு பாத்திரத்தின் கதையும் ஈண்டு நினைக்கத் தக்கது. டிரேசி ஹிக்மன், மார்கரெட் வைஸ் முதலியோர் உருவாக்கிய அத்தொடரில் ரெய்ஸ்ட்லின் என்னும் மந்திரவாதி வருகிறான். அவனுடைய இரட்டைச் சகோதரன் உடல்வலிமை மிக்க போர்வீரன். ரெய்ஸ்ட்லினோ கூர்த்த அறிவும் நலிந்த உடலும் உடையவன். சோதனை ஆட்டமொன்றில் அப்பாகத்தை ஏற்றவர், தாமாகவே கரகரத்த மெல்லிய குரலில் பேசத் தொடங்கினார். அக்குரல் அங்கிருந்தோரைக் கட்டிப்போட்டது. ரெய்ஸ்ட்லினின் இயல்பு அக்குரலாலேயே துலங்கியது. பின்னர் எழுதப்பட்ட புதினங்களிலும் அது நிலைபெற்றது. தாளில் இருந்த எந்த எண்ணும் செய்யாததை ஒரு குரல் செய்தது.

1991இல் மார்க் ரெய்ன்-ஹேகன் ஆக்கிய 'வாம்பயர்' விளையாட்டு, ஒருவரின் உள்ளியல்பு ஒன்று, உலகுக்குக் காட்டும் முகம் மற்றொன்று என இரண்டையும் எழுதச் செய்தது. 2003இல் வெளிவந்த 'பேட்' என்னும் விளையாட்டில் பாத்திரத்தின் இயல்புகள் ஆட்டக்காரரின் சொற்றொடர்களாலேயே எழுதப்பட்டன. "கொடுத்த வாக்கை மீறாதவள்" என்று ஒருவர் எழுதினால், அத்தொடர் சில வேளை அவளுக்குத் துணை நிற்கும். சில வேளை அவளையே சிக்கலில் மாட்டும். சிக்கலை ஏற்றுக்கொள்வோர்க்கு விளையாட்டுப் பரிசளிக்கும். எண்ணின் இடத்தைச் சொல் பெற்றது. 2014இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பும் இவ்வழியைப் பின்பற்றி, தனியியல்பு, இலட்சியம், பற்று, குறை என்னும் நான்கையும் பாத்திரத்தாளில் எழுத இடம் ஒதுக்கியது.

பிறப்பும் ஆற்றலும்

இவ்வரலாற்றில் நெஞ்சை உறுத்தும் ஒரு பகுதியும் உண்டு. பிறப்பைக் கொண்டு ஆற்றலை வரையறுக்கும் வழக்கம் தொடக்கத்திலேயே விதிகளுள் புகுந்துவிட்டது. குள்ளரும் வனமக்களும் பெரும்பாலான தொழில்களில் ஒரு படிக்குமேல் உயர முடியாது. கற்பனை உலகிலும் மனிதரே மையமாக விளங்க வேண்டும் என்பது கைகாக்ஸ் கூறிய காரணம். 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேடு, பெண் பாத்திரங்களின் உடல்வலிமைக்கு ஆண்களைவிடக் குறைந்த உச்சவரம்பையும் விதித்தது. பறவைநாகம் பறக்கும் உலகில், நெருப்பை உள்ளங்கையில் ஏந்தும் உலகில், ஒரு பெண் பெருவலிமை பெறுவது மட்டும் நம்பத் தகாததாகக் கருதப்பட்டது!

இவ்வரம்புகள் ஒரே நாளில் நீங்கவில்லை. பெண்களுக்கான வரம்பு 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் நீக்கப்பட்டது. இனத்துக்கான உச்சப்படி 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் மறைந்தது. பிறந்த இனத்தால் கூடும் ஆற்றல் எண்களை விரும்பிய பண்புக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை 2020ஆம் ஆண்டின் இணைப்பு நூலில் வந்தது. 2024இல் வெளியான ஆட்டக்காரர் கையேடு 'இனம்' என்ற சொல்லையே கைவிட்டு 'உயிர்வகை' என்ற பொருள்தரும் சொல்லை ஆண்டதோடு, அக்கூடுதல் எண்களைப் பாத்திரத்தின் வாழ்க்கைப் பின்னணியோடு இணைத்தது. யாருக்குப் பிறந்தார் என்பதினும் எவ்வாறு வளர்ந்தார் என்பதே ஆற்றலைத் தரும் என்னும் முடிவுக்கு வர ஒரு விளையாட்டுக்கே ஐம்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

இம்மாற்றங்களை எதிர்த்தோரும் இருந்தனர். எல்லாரும் எல்லாம் ஆகலாம் எனில் வனமக்களுக்கும் குள்ளருக்கும் என்ன வேறுபாடு என அவர்கள் கேட்டனர். அவ்வினாவைப் புறந்தள்ள இயலாது. வேறுபாடு இன்றேல் தனித்தன்மை இல்லை. ஆயினும், வேறுபாடு வேறு, வேலி வேறு. ஒருவரின் மொழி, உணவு, வழிபாடு, பாட்டி சொன்ன கதை ஆகியன அவரை வேறுபடுத்திக் காட்டும். அவரை எந்தப் படியிலும் நிறுத்திவைக்கமாட்டா. எண்ணால் இடப்பட்ட வரம்போ வேலியாக நின்றது.

படைத்தவரும் படைப்பும்

பாத்திரத்துக்குப் பெயர் கொடுத்த விளையாட்டில், படைத்தவர் யார் என்ற பெயருக்கே பூசல் எழுந்தமை வரலாற்றின் முரண். 1976இல் நிறுவனத்தை விட்டு நீங்கிய ஆர்னசன், தமக்குரிய உரிமைத்தொகை கோரி 1979இல் வழக்குத் தொடுத்தார். 1981இல் உடன்பாடு ஏற்பட்டு, இருவரும் இணைப்படைப்பாளர் என ஒப்புக்கொள்ளப்பட்டது. கைகாக்ஸும் 1985இல் நிறுவனத்தின் ஆட்சியை இழந்தார். 1997இல் அந்நிறுவனமே வேறொருவர் கைக்கு மாறியது. கைகாக்ஸ் 2008இலும் ஆர்னசன் 2009இலும் மறைந்தனர். பழகிய பாத்திரத்தை ஒரே வீச்சில் சாகவிடாத கருணை ஒருவருடையது. அதனை எவரும் கற்று ஆடும் வண்ணம் ஏட்டில் ஏற்றிய உழைப்பு மற்றவருடையது. ஒன்றின்றி மற்றொன்று உலகை எட்டியிராது.

வரலாறு கூறும் பாடம்

இந்நீண்ட தேடலிலிருந்து, தனித்தன்மை உடைய கதைமாந்தரைப் படைக்க விரும்புவோர்க்குச் சில தெளிவான உண்மைகள் கிடைக்கின்றன. முதலாவது, பாத்திரத்துக்கு ஒரு விருப்பம் வேண்டும். அது பிறர் விருப்பத்தோடு மோத வேண்டும். பிரௌன்ஸ்டைன் கற்பித்தது இது. இரண்டாவது, கடந்த காலம் வேண்டும். 'டிராவலர்' காட்டியவாறு, அக்காலத்தில் பெற்றதும் இழந்ததும் இருக்க வேண்டும். மூன்றாவது, மண்ணும் உறவும் வேண்டும். நான்காவது, குறை வேண்டும். அக்குறை அவரைச் செயலுக்குத் தூண்ட வேண்டும். ஐந்தாவது, ரெய்ஸ்ட்லினின் குரலைப் போல, கண்டவுடன் அல்லது கேட்டவுடன் அடையாளம் காட்டும் ஒரு சிறு கூறு வேண்டும். பத்து அடைமொழிகளை அடுக்குவதினும் இத்தகைய கூறு ஒன்றே பயன் தரும்.

வகுப்பறையில் பாகமேற்றல் நடவடிக்கையை நடத்தும் ஆசிரியர்க்கு இவ்வைந்தும் கைவிளக்காகும். "நீ வணிகன், நீ வாங்குபவன்" என்று பாகத்தை மட்டும் கொடுத்தால், மாணவர் மனனம் செய்த தொடரையே ஒப்புவிப்பர். "நீ இன்று மாலைக்குள் கடையை மூட வேண்டிய வணிகன், உன் மகளுக்குக் காய்ச்சல்" என்று விருப்பத்தையும் நெருக்கடியையும் சேர்த்துக் கொடுத்தால், சொற்கள் தாமாகவே பிறக்கும். கட்டுரை ஏட்டில் 'நல்லவன்', 'அழகானவன்' என்று மட்டுமே எழுதிப் பழகிய கையும் வேறு வகையில் எழுதத் தொடங்கும்.

பாத்திரத்தாளில் ஆறு எண்கள் உள. பள்ளிப் பதிவேட்டிலும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எண்கள் உள. இரண்டும் தேவையே, அளவின்றி ஆட்டமும் இல்லை, கல்வியும் இல்லை. ஆயினும், அறிவுத்திறன் 7 எனப் பகடை காட்டிய ஒரு பாத்திரத்தை அன்போடு ஏற்று, அதற்கு ஒரு குரலும் ஓர் ஆசையும் கொடுத்து, மேசையிலுள்ள அனைவரும் என்றும் மறவாத மாந்தராக ஆக்கிய ஆட்டக்காரர் எண்ணிறந்தோர். கற்பனை மாந்தருக்கே அத்தகைய பொறுமை கிட்டுமெனில், பதிவேட்டில் குறைந்த எண்ணோடு நிற்கும் உயிருள்ள குழந்தைக்கு அது எவ்வளவு உரியது! எண் தொடக்கம் மட்டுமே. பெயருக்கு உரியவர் யார் என்பது அதன் பின்னரே எழுதப்படுகிறது.